கடைக் கணக்குக்கு ஒரு காவல்: சினாலஜி டிஎஸ்723 பிளஸ், இரண்டரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் கடை தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறது. பூஜைச் சாமான், மசாலா, பித்தளை விளக்கு, காவடிக்கு வேண்டிய பொருள்கள். சில்லறையும் உண்டு, கோவில்களுக்கு மொத்த விற்பனையும் உண்டு. நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, திருமணமாகி இங்கே வந்தவள். என் கணவரின் குடும்பம் நான்கு தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். கடையின் கணக்கு முழுவதும் என் கையில். கல்லாவில் ஒரு கணினி, கணக்கு அறையில் ஒன்று, கிடங்கில் ஒன்று என மொத்தம் மூன்று. இந்த மூன்றையும் காக்கத்தான் 2023 மார்ச்சில் சினாலஜி நிறுவனத்தின் டிஎஸ்723 பிளஸ் என்ற பேக்கப் பெட்டியை வாங்கினேன். எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் இதை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பெட்டியை மட்டும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் பயன் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு 2022க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு அக்டோபர் 10, திங்கட்கிழமை. புரட்டாசி முடிய ஒரு வாரம், தீபாவளிக்குச் சரியாக இரண்டு வாரம். இங்கே புரட்டாசி மாதம் முழுவதும் விரதம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். எங்களுக்கு ஆண்டின் பெரிய வியாபாரமே அந்த இரண்டு மாதங்கள்தான். காலை ஏழரைக்குக் கடையைத் திறந்த கொழுந்தனார் மகன் கல்லாவிலிருந்து கூப்பிட்டான்: "பெரியம்மா, பில் திறக்க மாட்டேன் என்கிறது. ஃபைல் பெயரெல்லாம் மாறிக் கிடக்கிறது."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஆறேழு எழுத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. விலைப்பட்டியல், கோவில்களின் கடன் கணக்கு, பாஸ்டல் என்ற கணக்கு நிரலின் பதிவுகள், மாமனார் எண்பதாம் பிறந்தநாள் படங்கள் வரை எல்லாவற்றிலும் அதே வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரே ஒரு சிறு எழுத்துக் கோப்பு மட்டும் புதிதாக இருந்தது. அதில் பிட்காயினில் பணம் கேட்டிருந்தார்கள். அன்றைய கணக்கில் அறுபதாயிரம் ராண்டுக்கு மேல் வந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் இரட்டிப்பாகுமாம்.

பேக்கப் இருக்கிறதே என்று ஓடினேன். கணக்குக் கணினியின் பின்னால் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் எப்போதும் செருகியே இருக்கும். தினமும் இரவில் அதில் பிரதி ஏறும். அதைத் திறந்தால் அதிலும் அதே வால். விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய பதிப்புகளையும் அந்த நிரல் முதல் வேலையாக அழித்துவிட்டிருந்தது. இது ஏதோ எங்களுக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று அன்று நினைத்தேன். இல்லை, இப்படிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் நிரல்களின் வழக்கமான நடைமுறையே அதுதான். உள்ளே நுழைந்தவுடன் பிரதிகளைத் தேடிக் கொல்லும், அதற்குப் பிறகுதான் மூலத்தைப் பூட்டும். கணினியின் கைக்கு எட்டுகிற எதுவும் அதன் கைக்கும் எட்டும்.

எப்படி நுழைந்தது என்பது பிறகு தெரிந்தது. முன்பு எங்களுக்குக் கணினி வேலை பார்த்தவர், தம் வீட்டிலிருந்தே பழுது பார்க்க வசதியாக, ரவுட்டரில் தொலை இணைப்புக்கான 3389ஆம் எண் வாசலை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார். கடவுச்சொல் கடைப் பெயரும் ஓர் ஆண்டும். உலகம் முழுக்க அந்த வாசலைத் தட்டிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிரல்கள் உண்டு. ஞாயிறு இரவு யாருடைய நிரலோ எங்கள் கதவைத் தட்டியது, திறந்துகொண்டது.

பணம் கட்டவில்லை. கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து எண் வாங்கினோம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பூட்டப்பட்ட ஒரு கோப்பை ஏற்றிப் பார்த்தேன். பல வகை ரான்சம்வேர்களுக்கு அங்கே இலவசச் சாவி கிடைக்கிறது. எங்களைத் தாக்கிய வகைக்கு அன்று சாவி இல்லை. அந்த டிஸ்கை இன்னும் எறியாமல் வைத்திருக்கிறேன். சில ஆண்டுகள் கழித்துச் சாவி வெளிவருவதும் உண்டு.

எங்களைக் காப்பாற்றியது என் மாமனார். கணினி வந்த பிறகும் கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தில் ஒரு நகல் எழுதியே ஆகவேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அந்த நீலக் கறை படிந்த புத்தகங்களை அட்டைப்பெட்டிகளிலிருந்து எடுத்து, நானும் கொழுந்தனார் மகனும் அறுபது நாளுக்கு மேல் இரவில் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம். இங்கே வருமான வரித் துறைக்கு ஐந்து ஆண்டுப் பதிவுகளை வைத்திருந்தே ஆகவேண்டும். வாட் கணக்கு அந்தப் புத்தகங்களிலிருந்துதான் திரும்பவும் எழுந்து நின்றது. தீபாவளி வியாபாரத்தைக் கையால் பில் எழுதி முடித்தோம்.

வாடிக்கையாளர் பெயரும் தொலைபேசி எண்ணும் அந்தக் கணினியில் இருந்ததால் இன்னொரு கடமையும் வந்து சேர்ந்தது. 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தகவல் அந்நியர் கைக்குப் போயிருக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தாலே தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் சம்பந்தப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் அபராதம் ஒரு கோடி ராண்டு வரை போகலாம். நான் அறுநூற்றுச் சொச்சம் பேருக்குச் செய்தி அனுப்பினேன். கோவில் தலைவர் ஒருவர், எழுபது வயதுக்காரர், நேரில் வந்து, "அம்மா, நீங்கள் சொன்னீர்களே, அதுவே போதும்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

டிஎஸ்723 பிளஸ் என்பது இரண்டு ஹார்ட் டிஸ்க் செருகும் நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாக எல்லாக் கணினிகளும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. தைவான் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரு பெரிய அகராதி அளவுதான் இருக்கும். உள்ளே ரைசன் வகைச் செயலி, 2 ஜிபி நினைவகம், பின்னால் இரண்டு கிகாபிட் நெட்வொர்க் துளைகள். நான் 4 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி வைத்திருக்கிறேன். இதற்கென்றே வாங்கிய யுபிஎஸ்ஸையும் சேர்த்துச் செலவு 17,000 ராண்டுக்கு அருகில் ஆனது. எங்களுக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் அந்த அறுபது இரவுகளின் விலை எனக்குத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தவை இரண்டு. முதலாவது, 'ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ்' என்ற நிரல். பெட்டியோடு இலவசமாக வருகிறது, கணினிக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு முகவர் நிரலை நிறுவினால் போதும். விண்டோஸ், பாஸ்டல், அச்சுப்பொறி அமைப்பு என்று முழுக் கணினியையும் அப்படியே பிரதி எடுக்கிறது. முதல் முறைக்குப் பிறகு மாறிய பகுதிகளை மட்டும் எடுப்பதால் தினசரி வேலை சில நிமிடங்களில் முடிகிறது. முக்கியமான விஷயம், பிரதி சேரும் ஃபோல்டர் எந்தக் கணினியிலும் டிரைவாகத் தெரிவதில்லை. அதைத் திறக்கும் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கல்லாக் கணினியின் விண்டோஸில் நான் எங்கும் சேமித்து வைத்ததே இல்லை. பழைய வெளி டிஸ்க் ரான்சம்வேருக்குத் திறந்த வீடாக இருந்தது. இங்கே அதற்கு வீடு இருப்பதே தெரியாது.

இரண்டாவது, 2023 மே மாதம் வந்த, டிஎஸ்எம் என்ற பெட்டியின் இயங்குதளத்தின் 7.2 பதிப்பில் சேர்ந்த மாற்ற முடியாத ஸ்னாப்ஷாட் வசதி. நாங்கள் மூன்று கணினியிலும் பகிர்ந்துகொள்ளும் பொது ஃபோல்டர் ஒன்று பெட்டியில் இருக்கிறது. கணினியை ரான்சம்வேர் பிடித்தால் அந்த ஃபோல்டரையும் அது பூட்டும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் பெட்டி மணிக்கு ஒரு முறை அந்த ஃபோல்டரின் நிலையைப் படம் பிடித்து வைக்கிறது. அந்தப் படங்களை 14 நாளுக்கு யாரும் அழிக்க முடியாதபடி வைத்திருக்கிறேன். யாரும் என்றால் நிர்வாகியான நானும்தான். ஒரு நாள் சோதித்துப் பார்க்க நானே அழிக்க முயன்றேன், மறுத்துவிட்டது. திருடன் என் கடவுச்சொல்லோடு வந்தாலும் இந்த மறுப்புதான் கிடைக்கும். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

நிர்வாகியின் கை எட்டும் இடத்தில் பேக்கப் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 2024 ஜூன் 22 அன்று தேசிய சுகாதார ஆய்வக சேவையைத் தாக்கியவர்கள், பேக்கப் சர்வரில் இருந்தவற்றையும் அழித்தார்கள். அரசு மருத்துவமனைகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் மருத்துவர்களின் கணினிக்குப் போகாமல், அவசரமானவற்றைத் தொலைபேசியில் சொல்ல வேண்டியதாயிற்று. 2021 ஜூலை 22 அன்று துறைமுகங்களையும் ரயில் சரக்கையும் நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் தாக்கப்பட்டபோது டர்பன் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையங்களில் கணினி நின்று, வேலை காகிதத்துக்குத் திரும்பியது. தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய நிலை என்று நிறுவனம் முறைப்படி அறிவித்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான் இந்த ஊர் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால் நமக்கு என்ன என்று சிலர் கையை விரிக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. நமக்கு மூன்று கணினிதான். பாதுகாப்பது நமக்கு எளிது.

மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதையை நான் யாரிடம் பேசினாலும் சொல்லிவிடுவேன். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா அந்த நிறுவனத்தைத் தாக்கியது. பணம் கேட்பது போல வேடமிட்டாலும் உண்மையில் அழிக்கவே வந்த நிரல் அது. அவர்களின் பயனர் கணக்குகளையெல்லாம் வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் ஒன்றின் பிரதி மற்றொன்றாக இருந்தன. அதனால் எல்லாம் ஒருசேரப் போயின. கானாவில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. காரணம், தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் இல்லை! அந்த ஒன்றிலிருந்துதான் பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவினார்கள். இதைப் படித்தபோது என் மாமனாரின் கார்பன் புத்தகம்தான் கண்ணில் வந்து நின்றது. இரண்டும் தப்பியதற்குக் காரணம் ஒன்றே: எதனோடும் இணைந்திருக்கவில்லை.

அதனால்தான் பெட்டியோடு நான் நிறுத்தவில்லை. 'ஹைப்பர் பேக்கப்' என்ற இன்னொரு நிரல் மூலம், மறையாக்கம் செய்த பிரதி ஒன்றை யுஎஸ்பி டிஸ்கில் வாரம் ஒரு முறை எடுக்கிறேன். டிஸ்க் இரண்டு: ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது, மற்றதில் மஞ்சள். சனிக்கிழமை மாலை கடை அடைத்ததும் ஒன்றைச் செருகுவேன், முடிந்ததும் பிடுங்கிவிடுவேன். ஞாயிறன்று அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நாத்தனார் வீட்டுக்குப் போகும். அங்கே முறுக்கு டப்பாவில் இருக்கும் மற்றது திரும்பி வரும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய பழைய கணக்குதான் இது. டர்பனில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2021 ஜூலையில் தீ, 2022 ஏப்ரலில் வெள்ளம். வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெட்டி எவ்வளவு நல்லதானாலும் அது கடைக்குள்தான் இருக்கிறது. கடையே போனால் பெட்டியும் போகும்.

யுபிஎஸ்ஸை மிச்சம் பிடிக்காதீர்கள். 2023இல் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, எப்படி இருந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் போவதை விட, திரும்பி வரும்போது வரும் அதிர்ச்சிதான் சாதனங்களைக் கொல்கிறது. யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு யுஎஸ்பி கம்பியைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டால், மின்சாரம் போனதும் பெட்டி எழுதுவதை நிறுத்தி ஒழுங்காகத் தூங்கிவிடும். கம்பியோடு வருகிற யுபிஎஸ்தானா என்று கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். சென்ற முறை நடந்ததைச் சொல்கிறேன். கல்லாக் கணினியின் மூடியைத் திறந்து டிஸ்கைக் கழற்றி, ஒன்றும் இல்லாத புது டிஸ்கைப் போட்டேன். கணினியை எழுப்பிப் பிரதியை மீட்பதற்கென்று முன்பே செய்து வைத்திருந்த மீட்பு யுஎஸ்பியைச் செருகி இயக்கினேன். பெட்டியின் முகவரியையும் கடவுச்சொல்லையும் கேட்டது. தேதிப் பட்டியல் வந்தது, வெள்ளிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தேன். அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு வந்தவள் போலத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். 52 நிமிடத்தில் முடிந்தது. கணினி எழுந்தபோது கொழுந்தனார் மகன் திரையில் ஒட்டி வைத்திருந்த முருகன் படம் முதல் எல்லாம் அப்படியே இருந்தன. பாஸ்டலைத் திறந்து கடைசி பில் எண்ணைப் பார்த்தேன். கார்பன் புத்தகத்தில் வெள்ளி மாலை எழுதிய எண்ணைப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

இந்தச் சோதனையில் முதல் முறை நான் ஒரு தவறு செய்தேன்: மீட்பு யுஎஸ்பி செய்யும்போது அந்தக் கணினியின் நெட்வொர்க்கை இயக்கும் டிரைவர் நிரலைச் சேர்க்காமல் விட்டேன், அதனால் பெட்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆபத்து நாளில் இது தெரிந்திருந்தால் கை நடுங்கியிருக்கும். அமைதியான ஞாயிற்றில் தெரிந்ததால் அரை மணியில் சரி செய்தேன். யுஎஸ்பியை இன்றே செய்து, இன்றே இயக்கிப் பாருங்கள்.

குறைகள் உண்டு. நெட்வொர்க் துளைகள் வெறும் கிகாபிட் வேகம். படமும் வீடியோவும் குவிக்கிறவர்களுக்குப் போதாது. அமைக்கும் பக்கங்கள் தமிழில் இல்லை. மூன்று கணினிக் கடைக்கு 2 ஜிபி நினைவகம் ஓடுகிறது. பத்து கணினி என்றால் கூட்ட வேண்டும். இப்போது இதன் இடத்தில் டிஎஸ்725 பிளஸ் வந்திருக்கிறது. 2025இல் வந்த பிளஸ் மாடல்களில் தாம் அங்கீகரித்த டிஸ்குகளையே போட வேண்டும் என்று நிறுவனம் முதலில் கட்டுப்பாடு வைத்தது. வாடிக்கையாளர்கள் எதிர்த்த பிறகு அக்டோபரில் டிஎஸ்எம் 7.3இல் தளர்த்தியது. வாங்குமுன் உங்கள் டிஸ்க் ஏற்கப்படுமா என்று பட்டியலைப் பாருங்கள்.

பெட்டியும் தாக்கப்படலாம் என்பதை மறக்க வேண்டாம். 2014இல் சினோலாக்கர் என்ற ரான்சம்வேர், பழைய பதிப்பிலேயே விடப்பட்ட இதே நிறுவனத்தின் பெட்டிகளை இணையம் வழியாகப் பூட்டி 0.6 பிட்காயின் கேட்டது. ஆகவே என் பெட்டி இணையத்துக்குத் திறந்திருக்கவில்லை, 'அட்மின்' என்ற பெயருள்ள கணக்கை நிறுத்திவிட்டேன், உள்நுழைய இரண்டாம் கட்ட எண்ணும் வேண்டும், புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவதில்லை. ரவுட்டரில் அந்த 3389 வாசலை அன்றே மூடியாயிற்று. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்ததால் கிடங்குக் கணினியையும் மாற்றினோம். வரித் துறை பெயரில் வரும் இணைப்புக் கோப்புகளை என்னிடம் காட்டாமல் திறக்கக்கூடாது என்று கடையில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். கேட்டதற்காக யாரையும் கடிந்துகொண்டதில்லை, அதனால் கேட்கிறார்கள்.

இந்தப் பெட்டியால் முடியாதது ஒன்று இருக்கிறது. பூட்டுவதற்கு முன்பே தகவலைத் திருடிக்கொண்டு, வெளியிடுவேன் என்று மிரட்டும் முறை 2019 முதல் பரவிவிட்டது. எத்தனை பிரதி வைத்தாலும் திருடப்பட்டது திருடப்பட்டதுதான். அதற்காக, தேவையில்லாத வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன். அடையாள அட்டை எண்ணை முன்பு காரணமில்லாமல் குறித்து வைத்திருந்தோம். இப்போது பெயர், தொலைபேசி, பாக்கித்தொகை, அவ்வளவுதான்.

மாமனார் சென்ற ஆண்டு காலமானார். கார்பன் புத்தகம் இன்னும் கல்லாவில் இருக்கிறது, ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு நகல் இன்னும் எழுதுகிறோம். இந்தச் சனிக்கிழமை சிவப்பு நூல் டிஸ்கின் முறை.